அந்த 15 நாள் எப்போது தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொட்டை மாடியில் சூரிய மின்தகடு வைப்பது பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. பெரும்பாலும் மானியக் கணக்குதான். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் 78,000 என்று இப்போது யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். மானியத்துக்குப் பின்னால் இருக்கிற விதிகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அதற்காக இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உரிமம் பெற்ற மின்கம்பியாளர். முன்பு வீட்டு வயரிங் மட்டும் பார்த்தேன். சில ஆண்டுகளாகப் பாதி வேலை சோலார்தான். பேனல் விற்கிற நிறுவனம் ஒப்பந்தம் போடும். மாடியில் ஏறிச் சட்டம் அடிப்பது, வயர் இழுப்பது, எர்த் பைப் இறக்குவது, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை மாட்டுவது எல்லாம் என்னைப் போன்றவர்கள் வேலை. வேலை முடிந்ததும் நிறுவனத்தின் போன் சில நேரம் எடுக்காது. எங்கள் போன் எடுக்கும். அதனால் "கரண்ட் எப்ப வரும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களும் நாங்களே.

பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விதிகள் நுகர்வோருக்குச் சாதகமாகத்தான் இருக்கின்றன. மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளை மத்திய மின்துறை அமைச்சகம் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் அதைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரை கேட்கிற வீட்டு விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் அது ஏற்கப்பட்டதாகவே பொருள். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதவில்லை என்றால், அதைத் தேவைக்கேற்ப உயர்த்த வேண்டியது மின் விநியோக நிறுவனம். 5 கிலோவாட் வரைக்கும், கம்பியையோ ட்ரான்ஸ்பார்மரையோ பலப்படுத்த வேண்டி வந்தால் அந்தச் செலவும் அவர்களுடையது. 10 கிலோவாட்டுக்கு மேலே போனால் ஆய்வு உண்டு. முன்பு அதற்கு 20 நாள் கெடு, இப்போது 15 நாள். அதற்குள் முடிக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கு. கடைசியாக, பேனல் பொருத்தி முடித்ததற்கான சான்றைக் கொடுத்தபின், ஒப்பந்தம், மீட்டர், இயக்கிவைப்பது மூன்றையும் 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். முன்பு இது 30 நாள்.

இதை வாடிக்கையாளரிடம் சொன்னால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "அப்படின்னா ஏன் எங்க வீட்ல மாசக்கணக்கா பேனல் சும்மா கிடக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விதியில் கெடு இருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் எந்த நாளில் ஓடத் தொடங்கியது என்பது வீட்டுக்காரர் கையில் இருக்கிற எந்தத் தாளிலும் இல்லை. விண்ணப்பத்தில் ஒரு குறை என்று திருப்பி அனுப்புவார்கள். சரிசெய்து கொடுத்தால் வேறொரு குறை வரும். ஒவ்வொரு முறையும் 'முழுமையான விண்ணப்பம்' இன்னும் வரவில்லை என்றே ஆகிறது. அப்புறம் எந்த 15 நாள்?

எங்கெல்லாம் இது நிற்கிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். நம் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் மின் இணைப்பு இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கிறது. பில் தவறாமல் கட்டினால் போதும், யார் பெயர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் மாற்றாமலே விட்டிருக்கிறார்கள். சோலாருக்கு விண்ணப்பிக்கும்போதுதான் விவகாரம் வெளியே வரும். விண்ணப்பதாரர் பெயரும் மின் கட்டணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், மானியம் போகும் வங்கிக் கணக்கும் அதே ஆளுடையதாக இருக்க வேண்டும். சிலருக்குப் பெயர் ஒன்றுதான், ஆனால் பில்லில் முன்னெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கியில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். ஆள் ஒருவரே என்பது தெருவுக்கே தெரியும், இணையதளத்துக்குத் தெரியாது.

ஒரு அம்மா வீட்டில் வேலை செய்தேன். இணைப்பு அவர்களுடைய மாமனார் பெயரில். மாமனாரும் இல்லை, கணவரும் இல்லை. கொழுந்தனார் மும்பையில் இருக்கிறார். சண்டை ஏதும் கிடையாது, நல்ல மனிதர், வந்து கையெழுத்துப் போட நேரமில்லை, அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், சொத்து வரி ரசீது என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குள் கோடைகாலமே போய்விட்டது. "ஏன் தம்பி, இத்தனை வருஷமா பில்லு நான்தானே கட்டுறேன்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

பெயர் மாற்றத்துக்காக 2023-இல் மின்சாரப் பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம்கள் நடத்தினார்கள். நல்ல காரியம். அதற்கு முன்பு மின் இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, 'உரிமையாளர்தான், ஆனால் பெயர் இன்னும் மாற்றவில்லை' என்று சொல்வதற்கே தனியாக ஒரு வாய்ப்பு திரையில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தவர்கள் பலர் பெயர் மாறிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதார் சேர்ந்தது, பெயர் மாறவில்லை. ஆக, எந்தெந்த இணைப்புகளில் பெயர் பழையபடி இருக்கிறது என்ற விவரம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, சோலார் வைக்கிற எண்ணம் இருந்தால் முதலில் இதை முடியுங்கள் என்று சொல்வது பெரிய வேலையில்லை. இப்போது கடனுக்குக் கையெழுத்துப் போட்டபிறகு தெரியவருகிறது.

அடுத்தது ட்ரான்ஸ்பார்மர். 10 கிலோவாட் வரை ஆய்வு வேண்டாம் என்று விதி இருந்தும், "உங்க லைன்ல லோடு இல்ல, பார்த்துச் சொல்றோம்" என்ற பதிலை நான் காதால் கேட்டிருக்கிறேன். இதில் பொறியாளர் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். மதியம் 12 மணிக்கு வீடுகளில் பெரிதாக ஒன்றும் ஓடாது. அந்த நேரத்தில்தான் பேனல்கள் முழு வீச்சில் மின்சாரத்தைக் கம்பிக்குள் தள்ளும். ட்ரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில், லைன் முடிகிற இடத்தில், ஒரே ஃபேஸில் நாலைந்து வீடுகள் இப்படித் தள்ளினால் அங்கே வோல்டேஜ் ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 250-ஐத் தாண்டும். ஒரு அளவுக்கு மேல் போனால் இன்வெர்ட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் பேனல் மட்டம் என்று நிறுவனத்தைத் திட்டுவார். நிறுவனம் வயரிங் சரியில்லை என்று என்னைத் திட்டும். உண்மையில் பேனலிலும் கோளாறு இல்லை, வயரிலும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. வீடுகளை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கலாம், ட்ரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் 'டேப்' அமைப்பை மாற்றலாம், மெலிந்த கம்பியை மாற்றலாம். எல்லாம் விநியோக நிறுவனம் மட்டுமே செய்யக்கூடியவை. விதி அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்ததற்குக் காரணமும் அதுதான். ஆள் பற்றாக்குறை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், ஒரே லைன்மேன் எத்தனை தெருவுக்கு ஓடுகிறார் என்று தினமும் பார்க்கிறேன். அதற்காக விண்ணப்பத்தை மேசையிலேயே வைத்திருப்பதைவிட, "இணைப்பு தருகிறோம், வோல்டேஜ் பிரச்சினையை இன்ன தேதிக்குள் சரிசெய்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார்.

மூன்றாவது, மாடியில் அடிக்கிற இரும்புச் சட்டம். இதைப் பற்றி எங்கும் யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 3 கிலோவாட் என்றால் 300 சதுர அடி. பல வீடுகளில் மொத்த மாடியே அதற்குக் கொஞ்சம் மேலேதான், அதிலும் தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் போக மிச்சம் கொஞ்சம். தாழ்வாகப் பேனல் வைத்தால் துணி காயப்போட இடமிருக்காது, தொட்டியைக் கழுவப் போக வழியிருக்காது. ஆகவே எல்லோரும் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்கிறார்கள். கீழே பந்தல் மாதிரி நிழலும் கிடைக்கிறது, நல்லதுதான்.

ஆனால் அப்படித் தூக்கிய சட்டம் கட்டடத்தில் சேர்ந்ததா இல்லையா? இன்னொரு மாடியாகக் கணக்காகுமா? பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? நான் வேலை செய்த ஒரு வீட்டில் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒருவர் அனுமதியே வேண்டாம் என்றார், அதே அலுவலகத்தில் இன்னொருவர் வரைபடம் போட்டு வாருங்கள் என்றார். இரண்டையும் வாயால்தான் சொன்னார்கள். வீட்டுக்காரர் பயந்துபோய்ச் சட்டத்தின் உயரத்தைக் குறைக்கச் சொன்னார். இப்போது அந்த மாடியில் குனிந்துதான் நடக்க வேண்டும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது காற்று. 2018-இல் கஜா புயல் என்ன செய்தது என்று டெல்டா மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேனல் என்பது அகலமான தட்டு. தூக்கி வைக்க வைக்க, காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும் விசை கால்களில் போய் நிற்கும். சட்டத்துக்குத் துத்தநாகம் முழுக்கப் பூசிய இரும்பா, வெறும் பெயின்ட் அடித்த பைப்பா? கால்கள் கான்கிரீட் பீடத்தில் ஊன்றியிருக்கின்றனவா, இல்லை மாடித் தரையில் பதித்த தட்டோட்டுக்கு மேலேயே துளைபோட்டு போல்ட் முறுக்கியிருக்கிறார்களா? தட்டோட்டில் துளை போட்டால் சட்டமும் உறுதியாக நிற்காது, அடுத்த மழைக்கு மாடியும் ஒழுகும். எர்த் சரியாக இருக்கிறதா, வயர் சரியான அளவா என்று பார்க்க ஆள் வருகிறார்கள். சட்டத்தை ஆட்டிப் பார்க்க ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை. மின்சாரத் துறைக்கு அது கட்டட விவகாரம், உள்ளாட்சிக்கு அது மின்சார விவகாரம்.

ஒரே ஒரு பக்கத்தில் ஒரு தாள் போட்டால் போதும். இத்தனை அடி உயரம் வரை அனுமதி தேவையில்லை, எல்லைச் சுவரிலிருந்து இவ்வளவு இடைவெளி, கால்களை இப்படித்தான் ஊன்ற வேண்டும், கடலோரம் என்றால் இந்த வகை இரும்புதான் என்று. மாநிலம் முழுவதும் மாநகராட்சிக்கும் ஊராட்சிக்கும் ஒரே தாள்.

நான்காவது மீட்டர். பழைய மீட்டரை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வருவதையும் வீட்டிலிருந்து போவதையும் தனித்தனியாகக் கணக்கிடும் இருவழி மீட்டர் பொருத்த வேண்டும். அது வரும்வரை பேனலை இயக்கக் கூடாது. இங்கேதான் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். மாடியில் எல்லாம் தயார், வெயில் கொளுத்துகிறது, மாதத் தவணை ஓடத் தொடங்கிவிட்டது. 3 கிலோவாட் அமைப்பு நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமாராக 12 யூனிட் கொடுக்கும். அது தினமும் வீணாகிறது. "ஸ்விட்ச போட்டு விடுங்கண்ணே, யாரு பார்க்கப் போறா" என்று கேட்காத வீடு குறைவு.

தயவுசெய்து போடாதீர்கள். விதிமீறல் என்பது ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது. சில வகை மின்னணு மீட்டர்கள் மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் அதை நீங்கள் பயன்படுத்தியதாகவே கூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த மீட்டர் இருக்கிற வீட்டில் சோலாரை ஓட்டினால், நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டுக்கும் நீங்களே பணம் கட்டுவீர்கள். நம் கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கிடைக்கிற சலுகை குறைந்து பில் எகிறும் என்பதை நினைவில் வையுங்கள். சோலார் வைத்த பிறகு கரண்ட் பில் கூடியது என்று யாராவது சொன்னால் முதலில் நான் கேட்பது, மீட்டர் மாற்றுவதற்கு முன்பே ஓட்டினீர்களா என்றுதான்.

மீட்டர் கையிருப்பு இல்லை என்ற பதில் வருகிறபோது எங்கள் வாயும் அடைத்துப்போகிறது. எத்தனை மீட்டர் இருக்கிறது, எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள், என் எண் எத்தனையாவது என்பதை இணையதளத்தில் போட்டுவிட்டால் பாதிப் புலம்பல் அடங்கும்.

விற்பவர்கள் சொல்லாமல் விடுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது? கரண்ட் கட்டானால் மாடியில் பேனல் இருந்தாலும் வீட்டில் விளக்கு எரியாது. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டரும் நிற்கும். காரணம் லைன்மேன். கம்பத்தில் ஏறியிருப்பவர் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கும்போது, உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் அந்தக் கம்பிக்குள் வந்தால் என்ன ஆகும்? அதனால் இதில் யாரும் சமரசம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. புயல் அடித்து மறுநாள் வெயில் வந்ததும் எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி இதைப் பற்றியவை. பேட்டரியோடு வேண்டுமென்றால் அதற்கான இன்வெர்ட்டர் வேறு, செலவு வேறு. பேட்டரிக்கென்று மத்திய மானியம் தனியாகக் கிடையாது.

இன்னொன்று பேனல் வகை. மானியம் வேண்டுமென்றால் பேனல், அதற்குள் இருக்கிற சோலார் செல் இரண்டும் இந்தியாவிலேயே தயாரானவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனலைக் காட்டி, மானியமும் வரும் என்று வாயால் சொல்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஐந்து ஆண்டு பராமரிப்பையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

எல்லோரும் சோலார் வையுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் கொஞ்சம்தான் ஆகிறது என்கிற வீடுகளில், இப்போதைக்கு வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒரு வேலை போயிற்று, அவருக்கு ஒரு கடன் மிச்சம். ஏசி ஓடுகிற வீடு, 500-ஐத் தாண்டித் தாண்டிப் போகிற வீடு, மாடியில் மரநிழலும் பக்கத்துக் கட்டட நிழலும் விழாத வீடு, இவர்களுக்குத்தான் இது உடனே பலன் தரும்.

விதி மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு குழப்பம். 2013-இல் நம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங் கொண்டுவந்தது. அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். 2019-இல் அதை மாற்றி, வாங்குவதற்கு ஒரு விலை, அனுப்புவதற்கு அதைவிடக் குறைந்த விலை என்று ஆக்கினார்கள். 2021 அக்டோபரில் வீடுகளுக்கு மறுபடியும் நெட் மீட்டரிங் வந்தது. ஒரே தெருவில் வெவ்வேறு ஆண்டுகளில் வைத்தவர்கள் ஒருவர் பில்லை ஒருவர் பார்த்துக் குழம்புகிறார்கள். பில்லிலேயே வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, அடுத்த முறைக்குத் தள்ளியது எவ்வளவு, ஆண்டு முடிவில் மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று நாலு வரியில் தமிழில் அச்சிட்டால் என்ன? இப்போது அதைப் படித்துச் சொல்லவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கதை தனி. மாடி எல்லோருக்கும் பொது, சங்கத்தின் சம்மதம் இல்லாமல் ஒருவர் மட்டும் வைக்க முடியாது. லிஃப்ட், மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குக் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு என்பதாவது சங்கங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கு அந்த வேலையில் அனுபவம் குறைவு, அதனால் இத்தோடு விடுகிறேன்.

ஆணையமும் விநியோக நிறுவனமும் செய்ய வேண்டியதில் முதலாவது ஒன்றுதான். விண்ணப்பம் வந்த அன்றே ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். அதில் தேதி இருக்கட்டும். குறை இருந்தால் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுத்தில் சொல்லுங்கள், தவணை முறையில் வேண்டாம். சரிசெய்து கொடுத்த நாளை அதே சீட்டில் குறியுங்கள். அந்த நாளிலிருந்து கெடு ஓடட்டும், கெடு முடிகிற தேதியும் அதிலேயே அச்சாகட்டும். பொருத்தி முடித்த சான்றைக் கொடுக்கும்போதும் இதேபோல ஒரு தேதி. புதிதாக ஒரு சட்டமும் வேண்டாம், 2024-இல் எழுதியதை நுகர்வோர் கண்ணில் படுகிற மாதிரி வைத்தால் போதும். பி.எம். சூர்ய கர் திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கும்தான். பெயருக்கும் மீட்டருக்கும் காத்திருந்தே பலருக்கு அந்தக் காலம் கடந்துபோகும். குஜராத்தும் மகாராஷ்டிரமும் இதில் முன்னால் போய்விட்டன, பக்கத்தில் கேரளாவும் நம்மைவிட முன்னால் நிற்கிறது. நம்மிடம் வெயிலுக்கா பஞ்சம்?

புகார் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதில் திருப்தி இல்லையென்றால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமே அந்த வழியைக் கொடுத்திருக்கிறது. நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் போனதில்லை. நாளைக்கு ராத்திரி ஃபியூஸ் போனால் அதே அலுவலகத்துக்குத்தான் போன் செய்ய வேண்டும், எதற்கு வம்பு என்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்கும் அது இருக்கிறது. அடுத்த வாரமே இரண்டு வீட்டுக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அதே படிகளில் ஏறப்போகிறேன்.

அதனால் இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். இரண்டையும் உரிம எண்ணோடு தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மின்கம்பியாளர் ஒருவர்